‘ஃபேட்’ என்னும் சொல்



இந்தப் பேச்சு தொடங்குவதற்குச் சற்று முன் ஓர் இசை ஒலித்தது. அது பட்டென்று நிற்கவில்லை. மெல்ல மெல்லக் குறைந்து, எந்த இடத்தில் முடிந்தது என்று சொல்ல முடியாதபடி அடங்கியது. அது அடங்கிய பிறகுதான் எங்கள் குரல் உங்கள் வீட்டுக்குள் வந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் இருப்பவர்கள் இதற்கு ஓர் ஆங்கிலச் சொல்லை வைத்திருக்கிறார்கள். இசையை ‘ஃபேட்’ செய்கிறோம் என்பார்கள். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது அந்தச் சொல்லைத்தான்.

முதலில் உச்சரிப்பு. தமிழில் எழுதும்போது ‘ஃபேட்’ என்று ஒரே மாதிரி எழுதப்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் உண்டு. ‘பாடம்’ என்று சொல்லிப் பாருங்கள். டகரம் மெலிதாக ஒலிக்கிறது. ‘பட்டம்’ என்று சொல்லிப் பாருங்கள்; அழுத்தமாக ஒலிக்கிறது. ‘பாடம்’ என்பதில் உள்ள டகரத்தைப்போல் முடித்தால் அது மங்குதலைக் குறிக்கும் சொல். ‘பட்டம்’ என்பதில் உள்ளதைப்போல் முடித்தால் அது விதி, தலையெழுத்து என்பதைக் குறிக்கும் வேறொரு சொல். எழுத்துக்கூட்டலிலும் ஓர் எழுத்துதான் வேறுபாடு. தன் பள்ளிச் சட்டை சாயம் போனதைப் பற்றி எழுத வந்த ஒரு மாணவன், சட்டையின் தலைவிதியைப் பற்றி எழுதிவைத்ததை நாங்கள் ஒரு முறை திருத்தியிருக்கிறோம். பழைய சட்டைகளின் நிலையைப் பார்த்தால் அதுவும் தவறில்லை என்றே தோன்றுகிறது!

ஆனால் இந்தச் சொல்லை நாங்கள் இன்று எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அந்த மாணவன் அல்லன். ஐந்தாம் ஆண்டில் படித்த ஒரு மாணவி.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. ஐந்தாம் ஆண்டின் ஆங்கிலப் பாடம் அப்போது எங்கள் பொறுப்பில் இருந்தது. ‘என் குடும்பம்’ என்ற தலைப்பில் பத்து வாக்கியங்கள் எழுதச் சொல்லியிருந்தோம். அப்பா இன்ன வேலை செய்கிறார், அம்மா நன்றாகச் சமைப்பார், தம்பி குறும்புக்காரன் என்று எல்லாரும் எழுதுவதைத்தான் அந்தப் பெண்ணும் எழுதியிருந்தாள். ஏழாவது வாக்கியத்தில் மட்டும், ‘மை கிரேண்ட்மதர் இஸ் ஃபேடிங்’ என்று இருந்தது. தன் பாட்டி ‘ஃபேட்’ ஆகிக்கொண்டிருக்கிறாராம். நாங்கள் சிவப்பு மையால் அந்தச் சொல்லை அடித்து, மேலே ‘ஓல்ட்’ என்று எழுதினோம். பாட்டி வயதானவர் என்று பொருள். அதோடு விட்டிருக்கலாம். “பாட்டி என்ன பாவாடைத் துணியா, சாயம் போறதுக்கு?” என்று வகுப்பில் கேட்டும் வைத்தோம். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. “இல்லை சார், வெளுத்துக்கிட்டே வர்றாங்க சார்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அந்த மாணவியிடம் பிறகு வருவோம். முதலில் சொல்லின் நேர்ப்பொருளைப் பார்ப்போம்.

துணி சாயம் போவது நம் எல்லாருக்கும் தெரிந்த காட்சி. ஏன் போகிறது? சாயம் என்பது ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிக்கொண்டு மற்றொரு பகுதியைத் திருப்பி அனுப்பும் பொருள். திருப்பி அனுப்பப்படுவதையே நாம் நிறம் என்று காண்கிறோம். விழுங்கிய ஒளி சும்மா இருப்பதில்லை. நாளடைவில் சாயத்தின் நுண்ணிய கட்டமைப்பையே அது உடைத்துவிடுகிறது. உடைந்த சாயம் நிறம் காட்டாது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் இந்த வேலையில் மிகவும் வல்லவை. சோப்பும் உரசலும் வியர்வையும் தங்கள் பங்குக்குச் செய்வது வேறு. ஆகவே பள்ளிச் சீருடையைக் கொடியில் போடும்போது உட்புறத்தை வெளியே திருப்பி, முடிந்தால் நிழலில் உலர்த்துங்கள். ஓராண்டு வரவேண்டிய துணி ஓராண்டாவது வரும்.

இதில் நீங்கள் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. தினமும் போடும் சட்டை வெளுத்துக்கொண்டே வருவது போடுகிறவனுக்குத் தெரிவதில்லை. நேற்றைய சட்டைக்கும் இன்றைய சட்டைக்கும் வேறுபாடு காண முடியாது. ஒரு நாள் சட்டைப் பை கிழிந்து, அதைப் பிரித்துத் தைக்கும்போது, பைக்கு அடியில் மறைந்திருந்த துணி பளிச்சென்று தெரியும். அடடா, இந்தச் சட்டை இவ்வளவு நீலமாகவா இருந்தது என்று அப்போதுதான் வியப்போம். சுவரில் பல காலம் மாட்டியிருந்த படத்தைக் கழற்றினால், அதன் பின்னால் சுவர் வேறு நிறமாக இருப்பதும் இப்படித்தான். வெளுக்காத ஒரு மூலை பக்கத்தில் இருந்தால்தான் வெளுத்தது நம் கண்ணுக்குத் தெரிகிறது.

மளிகைக் கடையில் கொடுக்கும் நாட்காட்டிப் படங்களைப் பாருங்கள். சன்னலுக்கு எதிரே மாட்டிய முருகன் படம் இரண்டு மூன்று ஆண்டுகளில் நீலம் பாரித்துவிடும். மயிலும் நீலம், முருகன் முகமும் நீலம். அச்சில் பயன்படும் மைகளில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் உரியவை ஒளியில் விரைவாக அழியும். நீலம் அவற்றைவிடத் தாங்கும். அதனால் மிஞ்சுவது நீலம். பெட்டிக்குள் பத்திரமாக வைத்த வண்ணப் புகைப்படத்தின் கதை இதற்கு நேர் எதிர். 1970களில் எடுத்த பல வண்ணப் படங்கள், வெளிச்சமே படாமல் வைத்திருந்தும், இன்று செம்மை படர்ந்து காணப்படுகின்றன. அந்தக் காலத்து வண்ணத் தாள்களில் நீலப்பச்சைச் சாயம்தான் வலுவற்றது; இருட்டிலும் வெப்பத்திலும் அது தானே சிதைந்தது. வெள்ளியால் உருவான பழைய கறுப்பு வெள்ளைப் படங்களோ, சரியாகக் கழுவி எடுத்தவையாக இருந்தால், கொள்ளுப் பாட்டியின் மூக்குத்தி வரை இன்னும் தெளிவாகக் காட்டும்.

படம் மங்குவதற்கு முன்னால் மங்கிவிடுவது படத்தில் இருப்பவர்களின் பெயர்கள். “இது யார்?” என்று பேரப் பிள்ளை கேட்டால், “உங்க தாத்தாவோட கூட்டாளி, பேரு மறந்துபோச்சு” என்ற பதில்தான் பல வீடுகளில் கிடைக்கிறது. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புற ஓரத்தில், அழுத்தாமல், பென்சிலால் எழுதிவையுங்கள். வழுவழுப்பான தாளில் பென்சில் பிடிக்காவிட்டால் தனித் தாளில் எழுதிச் சேர்த்து வைக்கலாம். பேனா ஏன் கூடாது என்றால், பேனா மை சாயம். அதுவும் வெளுக்கும், சில மைகள் ஊறி மறுபக்கத்துக்கும் போய்விடும். பென்சிலின் கருமை சாயம் அன்று, அது கரியின் ஒரு வகை. வெயில் அதை ஒன்றும் செய்வதில்லை. கடைகளில் கொடுக்கும் வழவழப்பான ரசீதுகளைப் பற்றியும் ஒரு சொல். அவற்றில் மையே கிடையாது; சூடு பட்டுக் கறுக்கும் தாள் அது. சில மாதங்களில் வெற்றுத் தாளாகிவிடும். தவணைப் பணம் கட்டிய ரசீது அப்படிப்பட்ட தாளில் இருந்தால், உடனே நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, சொல்லின் பிறப்பு. ‘ஃபேட்’ ஏறத்தாழ 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சு மொழியில் இதே எழுத்துகளால் எழுதப்படும் சொல் இன்றைக்கும் வழக்கில் உண்டு. அங்கே அதன் முக்கியப் பொருள் என்ன தெரியுமா? சுவையற்றது! உப்புப் போடாத கஞ்சியைப் போன்றது. நாம் ‘உப்புச் சப்பில்லாதது’ என்கிறோமே, அதுதான். நாவில் சப்பென்று இருப்பதிலிருந்து கண்ணுக்குச் சப்பென்று இருப்பதற்குச் சொல் நகர்ந்திருக்கிறது. நாமும் இந்த வழியில் போனவர்கள்தாம். திரைப்படத்தின் முடிவு நன்றாக இல்லையென்றால் “சப்புன்னு ஆயிடுச்சு” என்கிறோம். படத்தை யாரும் நக்கிப் பார்த்ததில்லை.

அகராதியைத் திறந்தால் ‘ஃபேட்’ என்பதற்கு எதிரே ‘மங்கு’ என்று இருக்கும். பிள்ளைகள் அந்த ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்கிறார்கள். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. ‘பூ மங்கியது’ என்று எழுதுகிறார்கள். நம் மொழியில் பூ மங்குமா? பூ வாடும். துணி வெளுக்கும். விளக்கு மங்கும். ஓசை அடங்கும். உடல் தளரும். அழகு குன்றும். நினைவு மங்கும். வடு மறையும். எது குறைகிறது என்று தெரிந்தால்தான் தமிழில் வினைச்சொல்லைத் தேர்ந்தெடுக்க முடியும். ஆங்கிலத்தில் இத்தனைக்கும் ‘ஃபேட்’ என்ற ஒன்றே போதும். அதற்காக ஆங்கிலத்தில் வேறு சொல்லே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. நிலா தேய்வதற்குத் தனிச் சொல் உண்டு. செடி கருகி வாடுவதற்கும் தனிச் சொல் உண்டு. ஆனால் ‘ஃபேட்’ எல்லா வீட்டு வாசலையும் மிதிக்கும் சொல். மலாய் மொழி இதில் நம் பக்கம். சட்டைச் சாயம் போனால் ‘லுந்தூர்’, பூ வாடினால் ‘லாயு’, ஒளி மங்கினால் ‘புடார்’. ஊக்கம் குறைந்தால் அதற்கும் ‘லுந்தூர்’, நம்பிக்கை குறைந்தால் அதற்கும் ‘புடார்’ என்று மலாய்க்காரர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். துணிக்குச் சொன்ன சொல்லையும் விளக்குக்குச் சொன்ன சொல்லையும் மனத்துக்கு ஏற்றிச் சொல்கிறார்கள். முகம் வாடியது என்று நாம் சொல்வதில்லையா? முகம் என்ன பூவா? திருவள்ளுவரே அனிச்சப் பூவையும் விருந்தினர் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கிறார். நேர்ப்பொருளில் இருந்து குறிப்புப் பொருளுக்குப் போவது எல்லா மொழிக்கும் இயல்பான நடை.

ஆனால் எல்லா மொழியும் ஒரே திசையில் நடப்பதில்லை. இங்கேதான் பிள்ளைகள் சறுக்கி விழுகிறார்கள். ‘அவன் சாயம் வெளுத்துவிட்டது’ என்று நாம் சொன்னால் என்ன பொருள்? அவன் நலிந்துபோனான் என்றா? இல்லை. அவன் போட்ட வேடம் கலைந்துவிட்டது, உண்மை உருவம் தெரிந்துவிட்டது என்று பொருள். பஞ்சதந்திரக் கதையில் நீலச் சாயத் தொட்டியில் விழுந்த நரி, காட்டுக்கே அரசனாகி வாழ்ந்து, ஒரு நாள் மற்ற நரிகளோடு சேர்ந்து ஊளையிட்டு மாட்டிக்கொண்டதே, அந்த நினைவு. இதை அப்படியே ஆங்கிலத்தில், ‘அவனுடைய நிறம் ஃபேட் ஆயிற்று’ என்று எழுதினால், படிக்கும் ஆங்கிலேயர் அவனுக்கு நோய் என்று நினைத்துக்கொள்வார். அவன் பித்தலாட்டக்காரன் என்பது அவருக்கு விளங்காது. நம் மொழியில் சாயம் போனால் உள்ளே இருந்தது வெளியே தெரிகிறது. ஆங்கிலத்தில் சாயம் போனால் இருந்தது குறைகிறது.

வெளுத்தல் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். துணி வெளுத்தது என்றால் சாயம் போயிற்று. துணி வெளுத்தான் என்றால் அழுக்குப் போகத் துவைத்தான். கிழக்கு வெளுத்தது என்றால் பொழுது விடிந்தது. பெரட்டுக்கு நேரமாயிற்று என்று அந்தக் காலத்தில் அம்மா உலுக்கி எழுப்பியது இந்த வெளுப்பைப் பார்த்துத்தான். ஒரே சொல் ஓரிடத்தில் இழப்பு, ஓரிடத்தில் தூய்மை, ஓரிடத்தில் விடியல். இப்படிப்பட்ட சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளை, ‘ஃபேட்’ என்பதைப் பிடித்துக்கொள்ளத் தடுமாறுவதில் வியப்பில்லை.

சாயம் போவது ஆங்கிலத்திலும் எப்போதும் குறையாகக் கருதப்படுவதில்லை. நம் கைலித் துணியின் உறவினர் ஒருவர் அமெரிக்காவில் பெயர் எடுத்த கதை உண்டு. சென்னைப் பக்கத்துக் கைத்தறிக் கட்டத் துணிக்கு அங்கே ‘மெட்ராஸ்’ என்றே பெயர். சாயம் நிலைக்காத துணி. சலவைக்குச் சலவை ஒரு கட்டத்தின் நிறம் அடுத்த கட்டத்தில் இறங்கும். 1950களின் இறுதியிலும் 1960களிலும் அங்குள்ள வணிகர்கள் அந்தக் குறையையே மேன்மையாக விளம்பரம் செய்து விற்றார்கள். நீலக் காற்சட்டையும் அப்படித்தான். அவுரி நீலம் நூலின் மேற்புறத்தில் மட்டும் படிந்து, உள்ளே நூல் வெள்ளையாகவே இருக்கும்படி சாயம் ஏற்றுவதால், உரசும் இடங்களில் வெள்ளை தெரிகிறது. அதற்கென்றே கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பார்த்துவிட்டு, “காசு கொடுத்துப் பழசு வாங்கியிருக்கான்” என்று சொல்லாமல் இருந்ததில்லை.

குறிப்புப் பொருளில் இந்தச் சொல் எங்கெல்லாம் வரும் என்று கேட்டால், மெல்லக் குறையும் எதற்கும் வரும். நம்பிக்கை, புகழ், நினைவு, புன்னகை, ஓடிவரும் விளையாட்டுக்காரனின் கடைசிச் சுற்று வேகம் எல்லாவற்றுக்கும் வரும். மெல்ல என்பதுதான் இங்கே உயிர். திடீரென்று அணைந்த விளக்குக்கு இந்தச் சொல் வராது. எண்ணெய் குறைந்து, திரி கருகி, சிறுகச் சிறுக மங்கிய விளக்குக்கு வரும். இன்ன நாளில் நடந்தது என்று தேதி குறிக்க முடியாத குறைவுக்கு உரிய சொல் இது என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறு வராது.

வேலைக்களத்திலும் இந்தச் சொல்லைக் கேட்கலாம். மலைப் பாதையில் சுமையோடு இறங்கும் லோரி ஓட்டுநர் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால், பிரேக் சூடேறி, மிதி மிதித்தும் பிடிப்புக் குறைந்துகொண்டே போகும். பொறியியலார் அதை ‘பிரேக் ஃபேட்’ என்கிறார்கள். கேமரன் மலையிலிருந்து தாப்பாவுக்கு இறங்கும் சாலையைப்போன்ற பாதைகளில் சிறிய கியரில் இறங்கவேண்டும் என்பது இதனால்தான். வீட்டில் லோரி ஓட்டுபவர் இருந்தால் அவருக்கு இது தெரிந்திருக்கும். புதிதாக உரிமம் எடுத்த மகனுக்குச் சொல்லிவையுங்கள்.

கடல் கடந்த நிலையங்களைச் சிற்றலையில் கேட்டுப் பழகியவர்களுக்கு இன்னொன்று நினைவுக்கு வரும். பாட்டு நன்றாகக் கேட்டுக்கொண்டே இருக்கும், திடீரென்று குரல் எங்கோ தூரத்துக்குப் போய்விடும், மறுபடி வரும். வானொலிப் பெட்டியைத் தட்டினவர்கள் பலர். பெட்டியின் மேல் குற்றமில்லை. சிற்றலை, வானத்தில் மிக உயரத்தில் உள்ள மின்னூட்டம் பெற்ற காற்றடுக்குகளில் பட்டுத் திரும்பி வருகிறது. ஒரே அலை இரண்டு மூன்று வழிகளில் வந்து சேரும்போது, சில நேரம் ஒன்றுக்கொன்று கைகொடுக்கிறது, சில நேரம் ஒன்றை ஒன்று அழிக்கிறது. இதற்கும் ‘ஃபேடிங்’ என்றுதான் பெயர். போனது திரும்பி வரும் மங்கல் இது. விடியற்காலை விண்மீன்கள் மறைவதற்கும் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லையே போடுவார்கள். விண்மீன்களுக்கு ஒன்றும் நேரவில்லை; வானம் வெளுத்ததால் நம் கண்ணுக்கு அவை தெரியவில்லை, அவ்வளவுதான். ஆக, ஒன்று மங்குகிறது என்றால், அது திரும்ப வருமா, மங்குவது அதுவா நம் பார்வையா என்று கேட்க இடம் இருக்கிறது.

இப்போது அந்த மாணவியிடம் வருவோம்.

அன்று மாலை நோட்டுப் புத்தகங்களை அடுக்கும்போது அந்த வாக்கியம் மனத்தை உறுத்தியது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக் காலத்தில் வாங்கிய பெரிய ஆங்கில அகராதியை எடுத்துப் பார்த்தோம். துணி, பூ, ஒளி, ஓசை எல்லாம் முடிந்த பிறகு, ஒருவர் நலமும் வலிவும் சிறிது சிறிதாகக் குறைவதற்கும் இந்தச் சொல் வழங்கும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அவள் எழுதியது சரி; நாங்கள் அடித்தது தவறு. மறுநாள் அவளை அழைத்து, இந்தச் சொல்லை எங்கே படித்தாய் என்று கேட்டோம். நூலகப் புத்தகத்தில் ஒரு திரைச்சீலை வெளுத்ததைப் பற்றிப் படித்தாளாம். பாட்டிக்கு ஏன் போட்டாய் என்று கேட்டதற்கு, “லீவுக்கு அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன் சார். திரும்பி வந்து பார்த்தா பாட்டி வேற மாதிரி இருந்தாங்க. உதடு, கை எல்லாம் வெள்ளையா இருந்துச்சு. அப்பாகிட்ட சொன்னா, எப்பவும் போலத்தானே இருக்காங்கன்னு சொல்றாரு” என்றாள்.

பள்ளி விட்டதும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். “வாங்க சார், உட்காருங்க” என்று அவள் அப்பா நாற்காலியை எடுத்துப் போட்டார். பாட்டி வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் சீவிய கைகள். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று, மூச்சு வாங்கி, மறுபடி உட்கார்ந்துவிட்டார். “வயசாச்சு சார், அதான்” என்றார் மகன். நாங்கள் சிவப்பு மையால் எழுதிய அதே சொல். வயதாகிவிட்டது என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் செய்யவேண்டியது ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுகிறது. மகன்மேல் குறை சொல்வதற்கில்லை. காலையும் மாலையும் பார்க்கிற முகம். தினமும் போடுகிற சட்டை. ஒரு மாதம் பார்க்காமல் இருந்தவளுக்குத்தான் பைக்கு அடியில் இருந்த நிறம் நினைவில் இருந்தது.

மறுநாளே சுகாதாரக் கிளினிக்குக்கு அழைத்துப் போகச் சொன்னோம். அங்கே கண்ணின் கீழ் இமையை இறக்கிப் பார்த்ததும், இரத்தம் எடுத்துச் சோதித்து, மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். கடுமையான இரத்தச் சோகை. மூட்டு வலிக்காகக் கடையில் வாங்கிய மாத்திரைகளை ஆண்டுக் கணக்கில் விழுங்கி வந்திருக்கிறார் பாட்டி. அப்படிப்பட்ட வலி மாத்திரைகளில் சில வயிற்றில் புண்ணை உண்டாக்கும். புண்ணிலிருந்து இரத்தம் சிறுகச் சிறுகக் கசியும். வெளியே தெரியாது, மலம் மட்டும் தார் போல் கறுத்துப் போகும். அதைப் பாட்டி யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம் ஒரு காரணம், சாப்பாட்டுச் சூடு என்று நினைத்தது மற்றொரு காரணம்.

நேயர்களே, வீட்டில் வயதானவர்கள், பிள்ளை பெற்ற பெண்கள், அடிக்கடி சோர்ந்து படுக்கும் பிள்ளைகள் இருந்தால் நீங்களே பார்க்கலாம். பகல் வெளிச்சத்தில் கீழ் இமையை மெல்ல இறக்கிப் பாருங்கள். உட்புறம் சிவப்பாக இருக்கவேண்டும். நாக்கு, உள்ளங்கை, நகங்களின் அடிப்பகுதி ஆகியவற்றையும் பாருங்கள். நம் தோல் கறுத்திருப்பதால் முகத்தில் வெளுப்புத் தெரியாமல் போகலாம். இந்த இடங்களில் தெரியும். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குவது, நெஞ்சு படபடப்பது, எழுந்தால் தலை சுற்றுவது ஆகியவற்றோடு இந்த வெளுப்பும் இருந்தால் வயது என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். மலம் கறுத்துப் போனால் அன்றே மருத்துவரிடம் போகவேண்டும். டாக்டர் சொல்லாமல் வலி மாத்திரையை நாள்தோறும் விழுங்குவதை நிறுத்துங்கள். இரும்புச் சத்து மாத்திரையையும் பரிசோதனைக்குப் பிறகே தொடங்குங்கள்; சோகைக்குக் காரணம் பலவாக இருக்கலாம்.

பாட்டிக்கு மருத்துவமனையில் இரத்தம் ஏற்றினார்கள். வயிற்றுப் புண்ணுக்கு மருந்து கொடுத்து, பிறகு பல மாதங்கள் இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார்கள். அவர் இளமைக்குத் திரும்பிவிடவில்லை. மூட்டு வலி அப்படியே இருந்தது. ஆனால் வாசல் படியிலிருந்து எழுந்து, கொல்லைப்புறத்துக்குப் போய், முருங்கைக் கீரை ஒடித்துக்கொண்டு வரத் தொடங்கினார். எங்களுக்கும் ஒரு முறை பேத்தியிடம் கீரை கொடுத்தனுப்பினார்.

வகுப்பில் எல்லாருக்கும் முன்னால் கேலி செய்ததால், எல்லாருக்கும் முன்னால்தான் திருத்திக்கொள்ள வேண்டும் என்று கரும்பலகையில் அந்த வாக்கியத்தை எழுதினோம். இது சரியான வாக்கியம், ஆசிரியர்தான் தவறாக அடித்துவிட்டார் என்று சொல்லி, குறைத்த மதிப்பெண்ணையும் திருப்பிக் கொடுத்தோம். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆசிரியர் தவறு செய்தார் என்பதில் அவர்களுக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

அந்தப் பெண் மட்டும் கையை உயர்த்தினாள். “சார், பாட்டிதான் இப்ப நல்லாயிட்டாங்களே. ‘இஸ்’ வராதே சார், ‘வாஸ்’தானே வரும்?” என்று கேட்டாள்.

‘இஸ்’ என்பதை அழித்துவிட்டு ‘வாஸ்’ என்று எழுதினோம்.